அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர், பிளஸ் ஒன் படிக்கும் மகன், மாமியார், நான். கடனில் மூழ்கிய 456 பேர் பெரிய பரிசுத்தொகைக்காகச் சின்ன வயது விளையாட்டுகளை ஆட, தோற்றவர்களைக் கொன்றுவிடும் ‘ஸ்க்விட் கேம்’ கொரியத் தொடரின் மூன்று சீசன்களையும் லீவு நாட்களில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து முடித்தோம். அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கணவர், “யாரையும் இழுத்து வரவில்லை. கையெழுத்துப் போட்டு அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்? செத்தால் யார் பொறுப்பு?” என்கிறார். மகன், “இது கொரியாவில் நிஜமாகவே நடந்தது” என்கிறான். அதில் வரும் சாங்-வூதான் புத்திசாலி என்றும் சொல்கிறான். மாமியாருக்கு முடிவு பிடிக்கவே இல்லை. “பெத்த பொண்ணை விட்டுட்டு எவன் குழந்தைக்கோ போய் உசிரை விட்டானே” என்று திட்டித் தீர்க்கிறார். எனக்கு, கோலிக்குண்டு எபிசோடு பார்த்த பிறகு சில இரவுகள் தூக்கமே இல்லை. சொன்னால், “நாடகத்துக்குப் போய் அழுவாங்களா?” என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இதை ரசிக்கிறவர்களுக்கு மனதில் கோளாறா, அழுகிற எனக்குக் கோளாறா? யார் சொல்வது சரி? கணவர் இன்னும் அதை விடவில்லை. நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து, ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கிறார். அதுவும் முதல் சீசனின் இரண்டாவது எபிசோடையே. பனியன் தைக்கும் பவர் டேபிள் யூனிட்டை மூடியதில் கொஞ்சம் கடன் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மகன் இதையெல்லாம் பார்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரசிப்பதும் கோளாறு இல்லை, அழுவதும் கோளாறு இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நின்றது, நடுராத்திரியில் ஹாலில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவரிடம்தான். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் எழுதப் போகிறேன். ஆனால் மற்ற மூவரும் சொன்னதைப் பேசிவிட்டு அங்கே வந்தால்தான் நான் சொல்வது உங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

உங்கள் தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் சீசனின் ஆறாவது எபிசோடு அது. அதில் பேய் இல்லை, பிசாசு இல்லை, இருட்டுகூட இல்லை. சாயங்கால வெயில் விழும் பழைய சியோல் சந்து, வாசல் திண்ணைகள், கையில் கோலிக்குண்டுகள். ஜோடி சேரச் சொல்கிறார்கள். சேர்ந்து விளையாடப் போகிறோம் என்று நம்பி, தனக்குப் பிடித்தவரை, தான் நம்புகிறவரை ஒவ்வொருவரும் தேடிப் பிடிக்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒரு ஜோடி. அதன் பிறகுதான் தெரிகிறது, அந்த ஜோடியில் ஒருவர்தான் உயிரோடு திரும்ப முடியும் என்று. அன்பு வைத்ததே அங்கே பொறியாகிவிடுகிறது. ரத்தத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இதற்கு எந்தக் கண்ணை மூடுவது? சாங்-வூ தன்னை நம்பிய ஜோடி அலியின் கோலிக்குண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு பையில் கூழாங்கல்லைப் போட்டு அவன் கையில் கொடுத்து அனுப்புகிறானே, அதைப் பார்த்தவர்களில் நிறையப் பேருக்கு அன்று சோறு இறங்கியிருக்காது. அந்த அலி, சம்பளம் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் முதலாளியிடம் சிக்கிய பாகிஸ்தானியத் தொழிலாளி. அந்த வேடத்தில் நடித்த அனுபம் திரிபாதி டெல்லிக்காரர், கொரியாவில் நாடகக் கலை படிக்கப் போனவர். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆள் எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டுக்கு அலியைத் தெரியும்.

ஆகவே நீங்கள் அழுததில் வியப்பில்லை. சில நாள் தூக்கம் கெடுவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, இதெல்லாம் நல்ல கற்பனையும் இரக்கமும் உள்ள மனம் செய்கிற வேலை. அது தானாகவே தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பகலிலும் நெஞ்சு படபடத்தாலோ, பழைய துக்கம் ஏதாவது கிளறிக்கொண்டாலோ ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பயங்கரக் கதைகளை விரும்பிப் பார்ப்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், கொரோனாவின் முதல் மாதங்களில் இந்த வகைப் படங்களின் ரசிகர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மனக்கலக்கத்தையே தெரிவித்திருந்தார்கள். பார்த்ததால்தான் அப்படி ஆனார்கள் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ரசிப்பவர்கள் ஈரமில்லாதவர்கள் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உலகமே இந்தத் தொடரைப் பற்றி ஒத்துப்போகவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டு வாக்குவாதம் அவ்வளவு பாரமாகத் தெரியாது. 2021 செப்டம்பர் 17-ல் முதல் சீசன் வந்தபோது, நான்கே வாரத்தில் 11 கோடிக்கும் அதிகமான வீடுகளில் அதைப் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. அடுத்த ஆண்டே எம்மி விருதுகளில் இயக்குநருக்கும் நாயகனுக்கும் பரிசு கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே நாட்களில், கொரியாவிலேயே பல பார்வையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஏற்கெனவே பார்த்த கதைதான் என்றார்கள். பெண் பாத்திரங்களைக் காட்டிய விதம் மோசம் என்றார்கள். அலியை வெகுளியாகவே காட்டிவிட்டார்கள் என்றும் குறை சொன்னார்கள். வட கொரியாவின் பிரச்சார இணையதளம் ஒன்று, தென் கொரிய முதலாளித்துவத்தின் அசல் முகம் இதுதான் என்று எழுதியது. அதே 2021 அக்டோபரில் சியோலில் வேலைநிறுத்தம் செய்த தொழிற்சங்கத்தினர் சிலர், தொடரில் வரும் காவலர்களின் இளஞ்சிவப்பு உடையையே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். 2023-ல், அதே தொடரின் அரங்குகளைப் போல அமைத்து, 456 நிஜ மனிதர்களை வைத்து, 45.6 லட்சம் டாலர் பரிசுக்கு ஒரு ரியாலிட்டி ஷோவும் நடத்தினார்கள். போட்டியாளர்கள் குளிரில் நடுங்கியபடி ஆட வேண்டியிருந்தது என்று செய்திகள் வந்தன. இந்தக் கதை எதை எதிர்த்து எழுதப்பட்டதோ அதையே செய்துவிட்டார்களே என்று பார்வையாளர்கள் பலர் கொதித்தார்கள். அதையும் விறுவிறுப்பாகப் பார்த்தவர்கள் ஏராளம்.

ஒரே தொடர்தான். கூலி பாக்கி இருந்தவர் கூலியைப் பார்த்தார், எதிரி நாடு எதிரியைப் பார்த்தது, விளையாட்டுப் பிரியர் விளையாட்டைப் பார்த்தார். இத்தகைய கொடுங்காலக் கதைகளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அவற்றில் சொல்லப்படுவது நாளைக்கு வரப்போகும் உலகம்போல இருக்கும், பார்க்கிறவரோ இன்றைக்குத் தன் நெஞ்சில் எது உறுத்துகிறதோ அதை அங்கே கண்டுபிடிப்பார். என் ஆலோசனை அறையில் இதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். தன் வீட்டைப் பற்றிப் பேச வராத ஆண்கள், ஒரு கதையின் பாத்திரத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார்கள். நான் குறுக்கிடுவதில்லை. அவர்கள் பேசுவது யாரைப் பற்றி என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

உங்கள் மாமியாரிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார். கதாநாயகன் கி-ஹுன் தப்பித்து அமெரிக்காவுக்குப் போய் மகளைப் பார்ப்பதாகத்தான் இயக்குநர் ஹ்வாங் டாங்-ஹ்யூக் முதலில் நினைத்திருந்தார். எழுதும்போது மனதை மாற்றிக்கொண்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் சீசன் முடிவில் விமானத்தில் ஏறாமல் கி-ஹுன் திரும்பி நடந்தபோதே, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ், போய் மகளைப் பார்க்காமல் இது என்ன வேலை என்று சக வீரரிடம் அலுத்துக்கொண்டது மைக்கில் பதிவாகி உலகம் முழுக்கச் சுற்றியது. 2025 ஜூனில் மூன்றாவது சீசன் வந்தபோது விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள், சாதாரணப் பார்வையாளர்கள் போட்ட மதிப்பெண்ணோ வெகுவாகக் குறைந்துபோனது. ஆகவே உங்கள் மாமியார் தனியாள் இல்லை. எனக்கு அந்த முடிவு பிடித்தது. பெற்ற தகப்பனே குழந்தையைத் தள்ளிவிடத் துணிகிற இடத்தில், எந்த உறவும் இல்லாத ஒருவன் அதைக் காப்பாற்றிவிட்டுக் கீழே விழுகிறான். பணமும் வாக்கும் கணக்கும் தோற்றுப்போகிற ஒரே இடம் அதுதான். இருந்தாலும், லாஸ் ஏஞ்சலீஸில் அப்பாவின் ரத்தக்கறை படிந்த சட்டையை வாங்கிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தால், உங்கள் மாமியாரின் கோபத்தையும் தள்ளிவிட முடியவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு உயர்ந்த காரியம் செய்த ஆண்களை அந்தத் தலைமுறைப் பெண்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

மகன் சொல்வது தவறு. இதைத் திருத்தியே ஆக வேண்டும். பூசான் நகரத்தில் இருந்த ‘பிரதர்ஸ் ஹோம்’ என்ற காப்பகத்தில் நடந்ததுதான் இந்தத் தொடரின் கதை என்று இரண்டாவது சீசன் வந்த சமயத்தில் சமூக வலைதளங்களில் ஒரு வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. அதைத்தான் அவன் கேள்விப்பட்டிருப்பான். காப்பகம் நிஜம். 1975 முதல் 1987 வரை, தெருவில் திரிகிறவர்கள் என்று சொல்லி ஆண்கள், பெண்கள், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தைகளைக்கூடப் பிடித்து அடைத்து, அடித்து வேலை வாங்கினார்கள். 2022 ஆகஸ்டில் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அங்கே 657 பேர் இறந்ததை உறுதி செய்தது. ஆனால் அங்கே விளையாட்டும் இல்லை, பரிசும் இல்லை. யாரும் கையெழுத்துப் போட்டு உள்ளே போகவும் இல்லை. அந்த 657 பேரின் சாவை ஒரு தொடருக்கு விளம்பரமாக்குவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். இதை அவனிடம் கோபமில்லாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

நிஜத்திலிருந்து வந்தது வேறு ஒன்று உண்டு. பியோங்டேக் நகரில் சாங்யாங் மோட்டார் கார் தொழிற்சாலையில் 2009-ல் 2,646 பேரை வேலையை விட்டு அனுப்ப முடிவெடுத்தார்கள். தொழிலாளர்கள் 77 நாட்கள் உள்ளேயே அமர்ந்து போராடினார்கள். கலவரத் தடுப்புப் போலீஸ் புகுந்து அதை முடித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 30 பேர் தற்கொலையாலும் நோயாலும் போய்ச் சேர்ந்தார்கள். கி-ஹுன் வேலை பார்த்ததாகத் தொடரில் சொல்லப்படும் கார் கம்பெனி, அவன் கண்முன் செத்துப்போன சக தொழிலாளி எல்லாம் அதை மனதில் வைத்து எழுதியவைதான் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அவர் கதையை எழுத ஆரம்பித்த 2008, 2009-ல் அவருக்கே கையில் காசில்லை. அம்மா, பாட்டியோடு கடனில் இருந்தார். ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்த லேப்டாப்பையே விற்க வேண்டி வந்தது. இவ்வளவு கொடூரம் நடக்கவே நடக்காது என்று சொல்லி ஏறத்தாழ பத்து வருஷம் யாரும் அந்தக் கதையைத் தொடவில்லை. 2021-ல் அது வெளியானபோது கொரியக் குடும்பங்களின் மொத்தக் கடன் அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே தாண்டியிருந்தது. நிஜக் கதை எது என்று மகன் கேட்டால் இதைச் சொல்லலாம்.

சாங்-வூவைப் புத்திசாலி என்கிறான் அல்லவா? ஆமாம், புத்திசாலிதான். நாட்டிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவன், தெருவே பெருமைப்படும் பிள்ளை. அவன் அம்மா மீன் கடையில் உட்கார்ந்துகொண்டு மகன் வெளிநாட்டில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனோ வாடிக்கையாளர்கள் பணத்தை எடுத்துத் தோற்றுவிட்டு, அம்மாவின் கடையையும் வீட்டையும் அடமானத்தில் வைத்துவிட்டுத் தலைமறைவாக இருக்கிறான். பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டுகிற பையனுக்கு, கூட இருப்பவர்களைக் கழித்துக்கொண்டே போகிற ஒருவன் வெற்றியாளனாகத் தெரிவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. “சாங்-வூ அவங்க அம்மாகிட்ட ஏண்டா நிஜத்தைச் சொல்லல?” என்று ஒரு நாள் அவனைக் கேளுங்கள். பதில் என்ன வந்தாலும் சரி, மடக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கும் தேவையான கேள்வி அது.

இனி உங்கள் கணவர்.

“விரும்பித்தானே வந்தார்கள்” என்று அவர் சொல்வது ஒன்றும் புதிதில்லை. தொடரில் விளையாட்டை நடத்துகிறவர்களே அதைத்தான் சொல்கிறார்கள். ஒப்பந்தம் உண்டு, கையெழுத்து உண்டு, பெரும்பான்மையானவர்கள் சம்மதித்தால் விளையாட்டை நிறுத்திவிடலாம் என்ற விதியும் உண்டு. முதல் ஆட்டத்தில் 255 பேர் செத்து விழுந்ததும் மிச்சமிருந்த 201 பேர் வாக்களிக்கிறார்கள். போகலாம் என்று 101, தொடரலாம் என்று 100. ஒரே ஒரு வாக்கில் எல்லோரும் வெளியே வருகிறார்கள். பிறகு அந்த 201 பேரில் 187 பேர் தாங்களாகவே திரும்பிப் போகிறார்கள். ஆக, வாதத்துக்காகப் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை.

மறுபாதி எங்கே இருக்கிறது என்றால், அவர் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்த இரண்டாவது எபிசோடில்தான் இருக்கிறது. அதை நீங்கள் மறுபடி ஒரு தடவை பாருங்கள். சுடுவது, ஓடுவது என்றிருக்கும் தொடரில் விளையாட்டே நடக்காத எபிசோடு அது. 201 பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். கி-ஹுனின் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றிக் கால் அழுகுகிறது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்கிறார்கள். இன்ஷூரன்ஸை மகன் எப்போதோ முறித்துப் பணம் எடுத்துவிட்டான். முன்னாள் மனைவியின் வீட்டு வாசலில் போய்க் கைநீட்டி நிற்கிறான். அலி சம்பளம் கேட்டு முதலாளியோடு கைகலக்கிறான். சாங்-வூ உயிரை விடத் துணிந்து குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறான், கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அந்த எபிசோடுக்கு ‘நரகம்’ என்றே தலைப்பு. நரகம் என்று அவர்கள் சொல்வது விளையாட்டு நடக்கும் தீவை அல்ல, வீட்டை. துப்பாக்கிக்கு நடுவில் திரும்பிப் போனால் பிழைக்க ஒரு வழியாவது இருக்கும் என்று 187 பேருக்கு ஏன் தோன்றியது என்பதை அந்த ஒரு மணி நேரம் காட்டுகிறது. இதற்குப் பெயர் சம்மதமா? சட்டத்தில் வேண்டுமானால் அப்படி எழுதிக்கொள்ளலாம். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் மனிதன் அதில்தான் நுழைவான். அவன் விரும்பி நுழைந்தான் என்று சொல்வது நியாயமில்லை.

உங்கள் கணவர் கல்மனம் படைத்தவர் என்று நான் நினைக்கவில்லை. கல்மனம் படைத்தவருக்கு அந்த எபிசோடு அலுப்புத் தட்டும், தள்ளி ஓட்டிவிடுவார். இவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதை மட்டுமே பார்க்கிறார். பகலில் எல்லோர் முன்னிலும் “அவனவன் கையெழுத்துப் போட்டான், அவனவன்தான் பொறுப்பு” என்கிறார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவர் தன்னைப் பற்றித் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் வார்த்தைகளாகவே இவை என் காதில் விழுகின்றன. அவர் திட்டுவது அந்த 456 பேரை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காமலே அதை எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன். நேரில் பார்க்காமல் ஒருவரைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம், அதனால் உறுதியாகச் சொல்லவில்லை. விசாரித்துப் பார்க்காமல் விடவேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

எப்படிப் பேசுவது? “ஏன் இதையே பார்க்கிறீங்க?” என்று கேட்டால் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். கடன் எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்டாலும் கோபம்தான் வரும். ஒரு ராத்திரி அவர் எழுந்து போகும்போது நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் பேசாமல் கூடவே பாருங்கள். முடிந்ததும் கி-ஹுனைப் பற்றி மட்டும் கேளுங்கள்: “இவன் அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லீங்க?” அவர் கதையைப் பற்றிப் பேசட்டும். நடுவில் எங்கேயோ ‘அவன்’ என்பது ‘நான்’ என்று மாறும். அன்றைக்கே மாற வேண்டும் என்றில்லை. மாறும்போது திட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், “எங்க அண்ணன்கிட்ட கேட்கலாம்” என்று உடனே தீர்வுக்கும் ஓடாதீர்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஒரு கேள்வியை மட்டும் நேராகவே கேட்டுவிட வேண்டும். தூக்கமின்மை, தொழில் போனது, கடன், தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. “உயிரோடு இருந்து என்ன பண்றதுன்னு எப்பவாவது தோணுதாங்க?” என்று அமைதியாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், பலருக்கு அந்த நிமிஷமே பாரம் குறையும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவை 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, என்ன செய்வது என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தூக்கத்துக்கு என்று சொல்லி அழைத்துப் போனால் ஆண்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

கடனைப் பற்றி நான் நிபுணன் இல்லை. ஆனால் பயத்தைக் குறைக்கத் தேவையான சில விஷயங்களைச் சொல்லலாம். வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் உண்டு. மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கான எண் 15100. அதனால் அங்கே நீங்கள் போவதே நல்லது. இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எது அடமானத்தில் இருக்கிறது. அவர் மனதில் அது எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தாலும் தாளில் எழுதியதும் ஒரு தொகையாகிவிடும். தொகைக்குத் தவணை கேட்கலாம், பேசிக் குறைக்கலாம், எதை விற்பது என்று யோசிக்கலாம்.

தொடரை வீட்டில் தடை செய்யாதீர்கள். ஒளித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். நடுராத்திரியில் பார்ப்பதை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தூக்கம் திரும்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொரியாவிலேயே இது பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்று பெற்ற தொடர். 2021-ல் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் பள்ளிகள், சின்னப் பிள்ளைகள் இந்த விளையாட்டுகளை ஆடித் தோற்றவர்களை அடிக்கிறார்கள் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. பத்து வயதுப் பிள்ளை என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். உங்கள் மகன் ஏற்கெனவே பார்த்துவிட்டான், அதுவும் குடும்பத்தோடு. அது தனியாக மொபைலில் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். இனிமேல் இந்த மாதிரித் தொடர்களுக்கு ஓடிடி செயலியில் வயதுப் பூட்டு போட்டு வையுங்கள். பார்க்க விரும்பினால் உங்களைக் கேட்டுவிட்டுப் பார்க்கட்டும், பார்த்த பிறகு பேசட்டும்.

ஆனால் அவன் விஷயத்தில் எனக்குக் கவலை தொடரைப் பற்றி இல்லை. நடுராத்திரியில் அப்பா ஹாலில் உட்கார்ந்திருப்பது பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியாமல் இருக்காது. ஏன் என்று யாரும் சொல்லாததால் தானாக எதையாவது நினைத்துக்கொண்டிருப்பான். யூனிட் மூடியது, கடன் இருப்பது, அதை அடைக்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருப்பது, உன் படிப்புக்கு இதனால் என்ன ஆகும் ஆகாது என்பது, இவ்வளவு அவனுக்குத் தெரிந்தால் போதும். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. கணவரோடு பேசி, அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு இதைச் செய்யுங்கள். சொல்வது அவராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.